டாக்டரிடம் கேளுங்கள்: உரிந்த மயலின் மீண்டும் மூடுமா?

மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகளை மூடியிருக்கும் மயலின் உறையைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி: மயலின் என்பது மின்கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை போன்றது என்று பாடத்தில் படித்தோம். உறை உரிந்த கம்பியிலும் மின்சாரம் ஓடத்தானே செய்கிறது? நரம்பில் மட்டும் ஏன் தகவல் நின்றுபோகிறது? — கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: பாடத்தில் சொன்ன உவமை பாதி தூரத்துக்குத்தான் வரும். கம்பியின் உறை ஒரே நீளமாக இருக்கும். மயலினோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துண்டுகளாக, நடுவில் சிறு சிறு இடைவெளி விட்டுச் சுற்றப்பட்டிருக்கும். 1870களில் பிரெஞ்சு அறிவியலாளர் ரான்வியே விவரித்த அந்த இடைவெளிகளில்தான் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்கள் நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன. அதனால் நரம்புத் தகவல் இழை நெடுகிலும் ஊர்ந்து செல்லாமல் ஓர் இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவிச் செல்கிறது. பருமனான உறையுள்ள இழைகளில் அதன் வேகம் நொடிக்கு நூறு மீட்டரைத் தாண்டும்; உறையே இல்லாத மெல்லிய இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவே இருக்கும்.

இப்போது ஒரு துண்டு உறை உரிந்துவிட்டது என்று வையுங்கள். வெளியே தெரியும் அந்தப் பகுதியில் வாயில்கள் அநேகமாக இல்லை, ஏனென்றால் அவை இடைவெளிகளில் மட்டுமே இருந்து பழகியவை. ஆகவே அங்கே வந்து சேரும் தகவல் கசிந்து அணைந்துபோகிறது. சில வாரங்களில் இழை தன் வாயில்களை உரிந்த பகுதி முழுவதும் பரப்பிக்கொள்கிறது. வேகம் குறைவாக இருந்தாலும் தகவல் மறுபடியும் கடக்கத் தொடங்குகிறது. உறை வளராமலேயே நோயாளி ஓரளவு தேறிவிடுவதற்கு இதுவும், வீக்கம் வடிவதும் காரணம். இந்தத் தற்காலிக ஏற்பாடு வெப்பத்தைத் தாங்காது. உடலின் சூடு அரை டிகிரி ஏறினாலே தகவல் மீண்டும் தடைபடலாம். பார்வை நரம்பில் ஒருமுறை வீக்கம் வந்து தேறியவர்கள் வெந்நீரில் குளித்துவிட்டு வரும்போது எதிரில் இருப்பவரின் முகம் புகை மூட்டமாகத் தெரிவதாகவும், மின்விசிறிக்குக் கீழே கால் மணி நேரம் உட்கார்ந்ததும் தெளிந்துவிடுவதாகவும் சொல்வார்கள். உடற்பயிற்சிக்குப் பின் பார்வை மங்குவதை ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890ஆம் ஆண்டே பதிவு செய்திருக்கிறார். இது நோய் புதிதாகத் தாக்குவது ஆகாது.

உவமை பொருந்தாத இன்னொரு இடமும் உண்டு. பிளாஸ்டிக் உறை உயிரற்றது. மயலினோ ஆலிகோடென்ட்ரோசைட் என்ற செல்லின் சவ்வே நீண்டு, தட்டையாகி, பாய் சுருட்டியதுபோல் இழையைச் சுற்றிக்கொள்வது. அத்தகைய ஒரு செல் பல கைகளை நீட்டிப் பத்துக்கணக்கான துண்டுகளைப் போர்த்தும். போர்த்தியிருக்கும் இழைக்கு எரிபொருளும் ஊட்டும். நெடுங்காலம் உறையின்றிக் கிடக்கும் இழை கடைசியில் செத்துப்போவதற்கு இந்த ஊட்டம் நின்றுபோவது ஒரு முக்கியக் காரணம். உறை போனால் திரும்ப வரலாம். மூளையிலும் தண்டுவடத்திலும் இழை செத்தால் வராது. கீழே வரும் பதில்களில் இந்த வேறுபாடு திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. சுத்த சைவம். ஆறு மாதமாகப் பாதம் மரத்து, பஞ்சு மெத்தையின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்கிறார். தண்டுவடத்தில் மயலின் பாதிப்பு என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. டாக்டரோ வைட்டமின் பி12 ஊசி மட்டும் எழுதித் தந்திருக்கிறார். இது போதுமா? — வாசகர், திருநெல்வேலி

பதில்: காரணம் பி12 குறைபாடுதான் என்பது ரத்தப் பரிசோதனையில் உறுதியாகியிருந்தால், போதும். மயலின் பாதிப்பு என்றதும் எல்லாரும் பெரிய பெயர் கொண்ட நோய்களை நினைத்து அஞ்சுகிறார்கள். நம் ஊரில் தண்டுவட மயலினைக் கெடுக்கும் காரணங்களில் மிக எளிதாகச் சரிசெய்யக்கூடியது இதுதான்.

உங்கள் அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். காலையில் வாஷ்பேசினில் குனிந்து, கண்ணை மூடி முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ளும்போது தள்ளாடுகிறாரா? கால் எங்கே இருக்கிறது என்ற தகவலை மூளைக்குக் கொண்டுபோகும் இழைகள் தண்டுவடத்தின் பின்பகுதியில் செல்கின்றன. பி12 குறைந்தால் முதலில் அடிபடுவது அவைதான். கண் திறந்திருக்கும்வரை பார்வை அந்தக் குறையை ஈடுகட்டுகிறது, மூடியதும் உடல் சாய்கிறது. நடை தேறும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டே முகம் கழுவச் சொல்லுங்கள். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு வைட்டமினுக்கு இவ்வளவு வேலையா என்றால், உடலில் இரண்டு முக்கிய வேதிவினைகள் பி12 இல்லாமல் நடக்காது. அவை நின்றால் மயலினின் கொழுப்பும் புரதமும் சரியான வடிவில் உருவாவதில்லை. சுற்றுகள் விரிந்து, இடையிடையே குமிழ் விட்டதுபோல் ஆகிவிடும். செடிகொடிகளில் பி12 இல்லை; பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் உண்டு. கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான சேமிப்பு இருப்பதால் குறை மெதுவாகவே வெளியே தெரியும். பால் தயிர் தாராளமாகச் சாப்பிடுபவருக்கும் குறைபாடு வந்திருந்தால், அது உடலில் சேராமல் போவதற்கான காரணத்தைத் தேட வேண்டும்: இரைப்பை அழற்சி, இரைப்பை அறுவைச் சிகிச்சை, சர்க்கரைக்காக ஆண்டுக்கணக்கில் எடுத்த மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்காக விடாமல் விழுங்கும் மாத்திரை.

இரண்டு எச்சரிக்கைகள். ரத்தசோகைக்கு என்று ஃபோலிக் அமிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ரத்தம் தேறிவிடும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். ரத்த அளவைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். அடுத்து, பழைய சோற்று நீராகாரம் வயிற்றுக்கு இதமானதுதான், ஆனால் அதை நம்பி ஊசியை நிறுத்தக் கூடாது. முன்னேற்றம் சில வாரங்களில் தொடங்கி மாதக்கணக்கில் தொடரும். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்ததால் உங்கள் அப்பாவுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது; இரண்டு ஆண்டு கழித்து வருபவர்களுக்குக் கொஞ்சம் மரப்பு தங்கிவிடும், ஏனென்றால் அதற்குள் சில இழைகளே போயிருக்கும்.

கேள்வி: 1970களில் எங்கள் தெருவில் ஒருவரை நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஊசி போட்டவருக்கோ இரண்டு காலும் விழுந்துவிட்டது. "ஊசி ஒத்துக்கொள்ளவில்லை" என்றார்கள். ஊசிக்கும் கால் விழுவதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? — ஓய்வு பெற்ற ஆசிரியர், குன்னூர்

பதில்: உண்டு, ஐயா. அந்த ஊசியின் கதையில் உங்கள் ஊருக்கும் இடம் இருக்கிறது.

1911இல் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் ஒரு தடுப்பூசியை உருவாக்கினார். வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, அந்த மூளையை அரைத்து, ஃபீனால் கலந்து கிருமியைக் கொன்று தயாரிப்பார்கள். 1907இல் குன்னூரில் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் உள்பட நாடு முழுவதும் பல கூடங்களில் இது உற்பத்தியானது. கிருமியின் அளவு குறைவு என்பதால் நாள்தோறும் ஊசி போட வேண்டியிருந்தது. மருந்தின் அளவோ அதிகம், அதைத் தாங்க வயிற்றுத் தோலில்தான் இடம் இருந்தது. நம் நினைவில் பதிந்திருக்கும் பதினான்கு ஊசி அதுதான். அது எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிக்கல் கிருமியில் இல்லை, ஆட்டு மூளையில் இருந்தது. ஆட்டின் மயலின் புரதமும் மனித மயலின் புரதமும் ஏறத்தாழ ஒரே சாயல். பதினான்கு நாள் தொடர்ந்து தோலுக்கடியில் ஆட்டு மூளையைச் செலுத்தும்போது சிலரது நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பகையாக அடையாளம் கண்டு, பிறகு சொந்த மூளையின் மயலினையும் அதே பகையாக எண்ணித் தாக்கிவிடும். அப்படித்தான் சிலருக்குக் கால் விழுந்தது, சிலருக்கு நினைவு தப்பியது. இந்த மர்மத்தைத் தொடர்ந்துதான் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் 1933இல் குரங்குகளுக்குக் கிருமி எதுவும் இல்லாத முயல் மூளையைத் திரும்பத் திரும்ப ஊசியாகப் போட்டுப் பார்த்தார்; சில குரங்குகளுக்கு நடை தடுமாறியது, மூளையில் மயலின் உரிந்திருந்தது. எதிர்ப்பு மண்டலம் மூளை, தண்டுவட மயலினைத் திரும்பத் திரும்பத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய் பற்றிய ஆய்வுக்கூடச் சோதனைகளில் பெரும்பகுதி இன்றுவரை இந்த முறையின் வாரிசுதான். 1987இல் தாய்லாந்து நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், தடுப்பூசிக்குப் பின் பாதிக்கப்பட்டவர்களின் ரத்தத்தில் மயலின் அடிப்படைப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருப்பதை உறுதி செய்தார்கள்.

தென் அமெரிக்காவில் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டார்கள்: பிறந்து சில நாளே ஆன எலிக்குஞ்சின் மூளையில் கிருமியை வளர்த்தார்கள், ஏனென்றால் அந்த வயதில் அதற்கு மயலின் சரியாக உருவாகியே இருக்காது. இந்தியாவில் ஆட்டு மூளைத் தடுப்பூசி 2004இன் இறுதியில்தான் முற்றிலும் நிறுத்தப்பட்டது. நம் வேகத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்லாமல் விடுகிறேன். இப்போது போடும் ஊசி செல் வளர்ப்பில் தயாராவது. கையில் நான்கைந்து முறைதான். மூளைத் திசு அதில் துளியும் இல்லை. பழைய பயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நாய்க்கடிக்கு ஊசி போடாமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: ஆட்டு மூளை வறுவல் சாப்பிட்டால் நரம்பு உறை பலப்படுமா? — வாசகர், மதுரை

பதில்: முந்தைய பதிலைப் படித்தபின் உங்களுக்குப் பயம் வந்திருக்கக்கூடும். வேண்டாம், ஊசியாகப் போவது வேறு, வயிற்றுக்குப் போவது வேறு. வறுவலில் உள்ள மயலின் இரைப்பையில் செரித்து வெறும் கொழுப்பாகவும் அமினோ அமிலமாகவும் ஆகிவிடும். வாய்வழியாகக் கொடுத்தால் எதிர்ப்பு மண்டலம் மயலினோடு சமாதானமாகிவிடும் என்று நம்பி, 1990களில் மாட்டு மயலினை மாத்திரையாக்கி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிட அது சிறப்பாக வேலை செய்யவில்லை. ருசிக்காகச் சாப்பிடுங்கள், கொலஸ்ட்ராலை மட்டும் மறக்காதீர்கள்.

கேள்வி: என் தம்பிக்குக் கீலான் பாரே நோய் வந்து, இரண்டு மாதம் படுக்கையில் இருந்தவன் இப்போது பைக் ஓட்டுகிறான். அதுவும் மயலின் நோய்தானாம். அப்படியானால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ள என் சித்திக்கு மட்டும் ஏன் அப்படி முழுதாகச் சரியாகவில்லை? — வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: தம்பிக்குப் பாதிக்கப்பட்டது கை, கால்களுக்குப் போகும் வெளி நரம்புகள். அங்கே உறையைச் சுற்றுவது ஷ்வான் செல். ஒரு செல்லுக்கு ஒரே ஒரு துண்டுதான் பொறுப்பு. உரிந்ததும் அது குப்பையை வேகமாக அகற்றி, புதிதாகப் பெருகி, மறுபடி சுற்றிவிடும். எதிர்ப்பு மண்டலத்தின் தாக்குதலும் பெரும்பாலும் ஒருமுறையோடு முடிந்துவிடுகிறது. சித்தியின் நோய் மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கிறது. அங்கே ஓர் ஆலிகோடென்ட்ரோசைட் செத்தால் பத்துக்கணக்கான துண்டுகள் ஒன்றாகப் போகின்றன, தாக்குதலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே சித்திக்கு முதல் தேவை தாக்குதலை நிறுத்தும் மருந்து, அதைத் தவறாமல் எடுத்துக்கொள்வது.

கேள்வி: அம்மாவுக்கு ரத்தத்தில் உப்பு 108 ஆகக் குறைந்து மயங்கிவிட்டார். மருத்துவமனையில் மூன்று நாள் எடுத்துக்கொண்டு மெதுவாக ஏற்றினார்கள். பணம் பறிக்கத்தான் இப்படி இழுத்தடித்தார்களா? — வாசகர், சேலம்

பதில்: இல்லை. அவர்கள் அம்மாவின் மூளைத் தண்டைக் காப்பாற்றினார்கள். உப்பு என்று நீங்கள் சொல்லும் சோடியம் பல நாள் குறைவாக இருந்தால் மூளைச் செல்கள் தம் உள்ளிருக்கும் கரைபொருள்களை வெளியேற்றி அந்த நிலைக்குப் பழகிக்கொள்ளும். அப்போது ஒரே நாளில் இயல்பு அளவான 135க்கு ஏற்றினால் செல்களிலிருந்து நீர் திடீரென உறிஞ்சப்படும். ஆலிகோடென்ட்ரோசைட்டுகள் அதைத் தாங்காமல் மடிந்து, மூளைத் தண்டின் நடுவில் மயலின் உரிந்துவிடும். இரண்டு மூன்று நாள் கழித்து, தேறிவிட்டார் என்று நினைத்தவர் பேச முடியாமல், விழுங்க முடியாமல் ஆவார். 1959இல் முதலில் விவரிக்கப்பட்ட நிலை இது. அதனால்தான் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 அலகுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று மருத்துவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். அம்மா ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுக்கிறாரா என்று பார்த்து, அதை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

கேள்வி: வயது 29. போன ஆண்டு வலது கண் வலியோடு மங்கியது. மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் தெளிந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிறார்கள். ஏன் எனக்கு வந்தது? கண் நரம்பின் பரிசோதனையில் வலது பக்கம் இன்னும் 128 என்று வருகிறது. அந்த உறையை வளர்க்க மருந்து வந்துவிட்டதாக ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா? — வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஏன் வந்தது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது, நீங்கள் செய்த தவறு எதுவும் இல்லை. மரபணுவுக்குப் பங்கு உண்டு, ஆனால் ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. மிகப் பெரிய தடயம் 2022இல் கிடைத்தது: அமெரிக்கப் படையில் பணிபுரிந்த ஒரு கோடிப் பேரில் இந்நோய் வந்தவர்களின் பல ஆண்டு ரத்த மாதிரிகளை வராதவர்களுடையதோடு ஒப்பிட்டு ஆராய்ந்ததில், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியபின் இந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவது தெரிந்தது. அதே ஆண்டில், அந்த வைரஸின் ஒரு புரதமும் மூளையில் நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் கிளையல் செல்களிலுள்ள ஒரு புரதமும் ஆள் மாறாட்டம் செய்யும் அளவுக்கு ஒத்திருப்பதும் காட்டப்பட்டது. குன்னூர் வாசகருக்குச் சொன்ன ஆட்டு மூளைக் கதையின் இன்னொரு வடிவம் இது. ஆனால் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த வைரஸ் உடலில் இருக்கிறது, அவர்களில் மிக மிகச் சிலருக்கே நோய் வருகிறது.

உங்களுக்கு அக்வாபோரின்-4 ஆன்டிபாடி, மாக் (MOG) ஆன்டிபாடி பரிசோதனைகள் செய்யப்பட்டனவா என்று பாருங்கள். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. என்ற நோய் வெளிப்பார்வைக்கு இதேபோல் இருக்கும். 2004இல் அதன் ஆன்டிபாடி கண்டுபிடிக்கப்படும்வரை பலரும் இரண்டையும் ஒன்றாகவே கருதினார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கான இன்டர்ஃபெரான் போன்ற சில மருந்துகள் அந்த நோயை மோசமாக்கும்.

இனி உறை வளர்வதைப் பற்றி. அது வளரும் என்பது புதிய செய்தி அல்ல. 1961இலேயே மேரி பங்கே, ரிச்சர்ட் பங்கே, ஹான்ஸ் ரிஸ் ஆகியோர் வளர்ந்த பூனையின் தண்டுவடத்தில் உறை தானாகத் திரும்புவதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். வளர்ந்த மனித மூளையிலும் ஆலிகோடென்ட்ரோசைட்டாக மாறக்கூடிய முன்னோடி செல்கள் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் பரவியிருக்கின்றன. உறை உரிந்ததும் மைக்ரோகிளியா என்ற துப்புரவுச் செல்கள் சிதைந்த மயலினை விழுங்கி அகற்ற, முன்னோடி செல்கள் பெருகி வந்து, முதிர்ந்து, இழையைச் சுற்றுகின்றன. புதிய உறை பழையதைவிட மெலிது, துண்டுகளும் குட்டை. இருந்தாலும் தகவல் தாவிச் செல்லவும் இழை பிழைத்திருக்கவும் அது போதும்.

பிறகு ஏன் உங்கள் கண்ணில் முழுதாக நடக்கவில்லை? பல நோயாளிகளின் மூளையை ஆராய்ந்ததில், முன்னோடி செல்கள் காயத்துக்கு வந்து சேர்ந்தும் முதிராமல் பாதியில் நின்றிருந்தன. கொத்தனார் சுவரருகே வந்து, கரண்டியைக் கையில் பிடித்தபடி நிற்பதுபோல. அகற்றப்படாத மயலின் சிதைவும் அவற்றைத் தடுக்கிறது; வயது கூடக்கூட அவை மேலும் மந்தமாகின்றன. அவற்றை முடுக்கிவிடும் பொருளைத் தேடியபோது அகப்பட்டதுதான் உங்கள் காணொளியில் வந்திருக்கக்கூடிய கிளெமாஸ்டின். ஒவ்வாமைக்கும் மூக்கொழுகலுக்கும் கொடுத்து வந்த பழைய மாத்திரை. சான் ஃபிரான்சிஸ்கோவில் 50 நோயாளிகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், நீங்கள் இருட்டறையில் சதுரங்கக் கட்டங்கள் மாறுவதைப் பார்த்தபடி செய்துகொண்ட அதே பரிசோதனையை அளவுகோலாக வைத்தார்கள். கண்ணிலிருந்து மூளைக்குத் தகவல் சேர இயல்பாக 100 மில்லி நொடி போல ஆகும். உங்கள் வலது கண்ணுக்கு 128 ஆகிறது. கிளெமாஸ்டின் குறைத்தது சராசரியாக 1.7 மில்லி நொடி. நாட்பட்ட காயத்திலும் உறை வளர வைக்க முடியும் என்று மனிதரில் முதன்முதலாகக் காட்டிய அளவில் அது பெரிய செய்தி. உங்கள் 28ஐ ஈடுகட்டும் மருந்தாக அது இன்னும் ஆகவில்லை. அதிகத் தூக்கமும் களைப்பும் வந்தது ஒருபுறம் இருக்க, நோய் முற்றும் நிலையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த வேறோர் ஆய்வில் சிலருக்கு இயலாமை வேகமாகக் கூடியதால் அந்தப் பிரிவையே நிறுத்தினார்கள். மருந்துக் கடையில் கிடைக்கிறதே என்று நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். லிங்கோ-1 என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி பெரும் எதிர்பார்ப்போடு வந்து, 2016இல் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. மெட்ஃபார்மின் முதிய எலிகளின் முன்னோடி செல்களை இளமையாக்குவது 2019இல் தெரிந்து, கிளெமாஸ்டினோடு சேர்த்து மனிதரிலும் சோதிக்கப்பட்டது.

இன்று உறையைக் காக்க உங்களுக்கு இருப்பது தாக்குதலை நிறுத்தும் மருந்துகள். அவற்றைத் தாமதமின்றித் தொடங்குங்கள். கண் மறுபடி வலித்து மங்கினால், வீட்டில் மீதமிருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைச் சாதாரண அளவில் போட்டுச் சமாளிக்காதீர்கள். 1992இல் வெளியான பெரிய ஆய்வில், அப்படி வாய்வழி மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகமாக இருந்தது. ஊசி ஸ்டீராய்டு பார்வை சீக்கிரம் திரும்ப உதவுகிறது, அவ்வளவே. அது உறையை வளர்ப்பதில்லை.

கேள்வி: ஸ்டெம் செல் ஊசி போட்டால் மயலின் வளரும் என்று ஒரு தனியார் மையத்தில் பல லட்சம் கேட்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா? — வாசகர், ஈரோடு

பதில்: வைக்காதீர்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் சான்றுள்ள ஸ்டெம் செல் சிகிச்சை ஒன்று உண்டு: நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து வைத்து, கடும் மருந்தால் எதிர்ப்பு மண்டலத்தை அழித்து, பிறகு அவற்றைத் திரும்பச் செலுத்துவது. தீவிரமாகத் தாக்கும் நோயில், தேர்ந்தெடுத்த சிலருக்குப் பெரிய மருத்துவமனைகளில் செய்கிறார்கள். அதுவும் தாக்குதலை நிறுத்துவதற்கானது, மயலினை வளர்ப்பதற்கானது அல்ல. இடுப்பெலும்பிலோ கொழுப்பிலோ எடுத்த செல்லை முதுகில் ஊசியாகப் போட்டு உறை வளர்ப்பதாகச் சொல்வது நிரூபிக்கப்படாதது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி அதை முறையான ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வில் சேரும் நோயாளியிடம் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆகவே அந்த மையத்தில் ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு எண்ணும் ரசீதும் ஒரே கையிலிருந்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.